வெள்ளத்துக்கு முத்தாய்ப்பு

இசை கற்றுத்தரும் சங்கரவடிவு டீச்சரைவிட அவருடைய சீடர் ஆவுடையப்பனுக்கு ஆறு வயது கூடுதல். அவர் இவரை 'டீச்சர்' என்பார். இவர் அவரை 'அண்ணாச்சி' என்பார். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

தாமிரபரணியில் தொண்ணூற்றிரண்டில் வந்த வெள்ளத்தை வைத்து டீச்சர் ஓர் இசை நாடகம் போட்டார். கடைசிக் காட்சி வெள்ளம். அதற்கு இசை ஆவுடையப்பன். இருபது வருஷம் இரண்டாம் தவில் வாசித்த மனுஷனுக்கு முதல்முறையாக நோட்டீஸில் தனிப்பெயர். விடுவாரா? நாலு தவிலை வைத்து மேடையைக் குலுக்கிவிட்டார்.

ஆற்றங்கரை ஊரிலேயே ஒத்திகை. முடிவில் ஒரு முத்தாய்ப்பு வைத்திருந்தார். தாளச் சொற்களைக் கோத்த ஒரே சொற்கட்டு மூன்று முறை வரும். மூன்றாவது கச்சிதமாகத் தாளத்தில் போய் விழும். விழுந்ததும் வேடிக்கை பார்க்க வந்த சனம் கைதட்டி விசிலடித்தது.

நாடகத்துக்கு உடுப்பு தைத்துக்கொடுத்த உலகம்மாள் மட்டும் எழுந்து வெளியே போனாள். அந்த வெள்ளத்தில் மாட்டை அவிழ்த்துவிடப் போன அவள் புருஷன் திரும்பவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. அவள் இன்றுவரை பொட்டை அழிக்கவில்லை.

ஆவுடையப்பன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“எப்படி டீச்சர்? கைதட்டு அள்ளிட்டுல்லா?”

“அள்ளிட்டு. எதுக்குத் தட்டுனாங்க?”

“முத்தாய்ப்புக்குத்தான்.”

“மூணாவதை விட்டுருங்க அண்ணாச்சி.”

“என்னது?”

“ரெண்டு தடவை வாசிங்க. அங்கேயே நிறுத்திருங்க.”

“ஐயையோ! தாளம் தப்பிட்டான்னுல்லா சொல்லுவாங்க. சம்பந்தி வீட்டாளுக முன்வரிசையில இருப்பாங்க டீச்சர். மானம் போயிரும்.”

“போகும்.”

டீச்சர் தொடையில் தட்டி அந்தச் சொற்கட்டை இரண்டு முறை சொன்னார். நிறுத்தினார். ஆவுடையப்பனின் விரல்கள் தாமாகவே மூன்றாவதை நாற்காலிக் கையில் வாசித்து முடித்தன.

“பாத்தீங்களா? கை நிக்கமாட்டேங்கு.”

“நிக்காது. நிறுத்தணும்.”

அவருக்குக் கோபமான கோபம். ஆனாலும் டீச்சர் சொல்லை மீறிப் பழக்கமில்லை.

நாடகத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. நாலு தவிலும் முழங்கின. முத்தாய்ப்பு ஒருமுறை. இன்னொருமுறை. ஆவுடையப்பன் குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கைதட்டத் தூக்கிய சனத்தின் கைகள் அப்படியே நின்றன. ஒருவரும் தட்டவில்லை. முன்வரிசையில் சம்பந்தி உச்சுக்கொட்டியது மேடைவரை கேட்டது. ஆவுடையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

விளக்குப் போட்டதும் சனம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே கலைந்தது. உலகம்மாள் மட்டும் எழவில்லை. மேடையைப் பார்த்தபடி இருந்தாள்.

“என் பேரு போச்சு டீச்சர்.”

டீச்சர் ஜால்ராவைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“மண்டபத்தைப் பூட்டணுமாம். அந்தம்மா இன்னும் இருக்காங்க. பாவம், தெரியல போல. எல்லாம் முடிஞ்சிட்டுன்னு போய்ச் சொல்லிரட்டுமா?”

டீச்சர் நிமிர்ந்து உலகம்மாளைப் பார்த்தார்.

“முப்பது வருசமா அதைச் சொல்ல அவங்களுக்கு ஆளில்லாமலா இருந்துச்சு, அண்ணாச்சி?”