மூன்றாம் முறை ஓங்கிய கோல்

செய்ய வேண்டியதை நாளைக்கு என்று தள்ளிப்போடும் பழக்கம் உங்களில் யாருக்காவது உண்டா? அப்படியானால் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். கதை உங்களுக்குத்தான்.

வெகுகாலத்துக்கு முன் வேழக்காடு என்றொரு நாடு இருந்தது. அங்கே கொலைக்கு நீதி வேண்டுமானால், அரசனே தன் கையால் முரசை அடித்துக் குற்றவாளியின் பெயரைச் சொல்ல வேண்டும். கண்ணால் கண்ட சாட்சி பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரு கொலைக்கு ஒரு முறைதான் முரசு. அடித்த பின் மாற்ற முடியாது.

இளவெயினன் பட்டத்துக்கு வந்த அன்றே, அரண்மனைச் சமையற்காரி சாத்தி அவன் காலில் விழுந்தாள்.

"மகாராசா, உங்க அப்பா காய்ச்சல்ல சாகல. உங்க சித்தப்பா பால்ல விஷம் கலந்ததை நான் பார்த்தேன். முரசை அடிங்க, நான் சாட்சி சொல்றேன்."

அவனுக்கு நெஞ்சு கொதித்தது. முரசு மேடைக்கு ஓடிக் கோலை ஓங்கினான். இவள் சொல்வது பொய்யாக இருந்தால்? விசாரிக்கலாம் என்று இறக்கிவிட்டான்.

விசாரித்தான். சித்தப்பா வேள்மாறனின் பெட்டியிலேயே விஷக் குப்பி இருந்தது. அதை எடுக்கவும் பயந்து அங்கேயே விட்டுவிட்டு வந்தான். மறுபடி கோலை ஓங்கினான். படை சித்தப்பா பக்கம் போய்விட்டால்? அறுவடை முடியட்டும் என்று இறக்கிவிட்டான். தன் பயத்துக்கு நிதானம் என்று பெயர் வைத்துக்கொண்டான், பாவி!

அறுவடை முடிந்த நாளில் வேள்மாறன் அவனை மறித்தான். "மகனே, முரசு மேடைக்கு அடிக்கடி போகிறாயே, என்ன விஷயம்?"

"ஒன்றுமில்லை, சித்தப்பா. தூசி தட்டப் போனேன்."

அரசன் தூசி தட்டுவானா? வேள்மாறனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது; அன்று சமையற்கட்டில் இருந்த சாத்திதான் சாட்சி என்பதும் புரிந்துவிட்டது.

மறுநாள் சாத்தியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். "அண்ணனைக் கொன்றவள் இவள்தான். குப்பி இவள் வீட்டில் கிடைத்தது. விஷம் கலந்ததைக் கண்ட சாட்சி நான். முரசை அடி, மகனே," என்றான் வேள்மாறன்.

அது எந்தக் குப்பி என்று இளவெயினனுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், இத்தனை மாதம் ஏன் வாய் மூடியிருந்தாய் என்று ஊர் கேட்குமே! சாத்தி அவனையே பார்த்தாள். கெஞ்சவில்லை.

"உங்களுக்குத் தெரியுமே, மகாராசா," என்று மட்டும் சொன்னாள்.

அவன் மூன்றாம் முறையாகக் கோலை ஓங்கினான். இந்த முறை அடித்தான். சாத்தியின் பெயரைச் சொன்னான்.

பொழுது சாய்வதற்குள் அவளைக் கழுவேற்றினார்கள். தகப்பனுக்கான நீதியும் அவளோடு முடிந்துபோயிற்று. அன்று முதல் இளவெயினன் வேள்மாறன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சோறு தின்றான். இரண்டு கொலைகாரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் முதுமை வரை வாழ்ந்தார்கள்.

நல்லதைச் செய்ய நாள் பார்த்துக்கொண்டே இருப்பவன், ஒருநாள் தன் கையாலேயே தீமையைச் செய்துவிடுவான்.