மீன் இல்லாத இடம்

மலையோடையில் டிரவுட் மீன் பிடிக்கும் பருவம் அன்றுதான் தொடங்கியது. குளிர்காலம் முழுக்க யாரும் இறங்காத ஓடை. விடிந்ததும் தூண்டில்காரர்கள் கரையில் வந்து நின்றார்கள்.

குரு மாதம்மாள் தண்ணீருக்குள் கைவிட்டுப் பார்த்தார்.

“கடிக்குமா, குருவே?” என்றார் ஒருவர்.

“இந்தக் குளிர்ல நான் மீனா இருந்தா போர்வையை விட்டே வரமாட்டேன். எல்லாம் ஆழமான மடுவுல, அடியில படுத்துக் கிடக்கும். வெயில் ஏறட்டும்.”

அவர்கள் சிரித்துக்கொண்டே கீழ்மடுவுக்குப் போனார்கள். கரை மறுபடி அமைதியானது. குருவும் சீடரும் மட்டும் மிஞ்சினார்கள். குருவுக்கு நாற்பது வயது. சீடர் நஞ்சுண்டனுக்கு அறுபத்து மூன்று.

“அம்மா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“மக வீட்டுல ரெண்டே அறை. ஒண்ணுல நான். பரீட்சைக்குப் பேத்தி இடமில்லாம கூடத்துல உக்காந்து படிக்க வேண்டியதாச்சு. ‘தேட வேண்டாம்’னு எழுதி வச்சிட்டு இங்க உங்ககிட்ட வந்துட்டேன். நாலு மாசம் ஆச்சு. சண்டை எதுவும் இல்ல. ஒதுங்கிக்கிட்டேன், அவ்வளவுதான். ஆனா மனசு ஆறமாட்டேங்குது. திரும்பிப் போகவா, இங்கேயே இருக்கவா?”

குரு தூண்டில் முள்ளைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“வலையை எடுத்துக்கிட்டு இறங்குங்க. மீனைக் கலைக்காத இடமாப் பாத்து நில்லுங்க.”

நஞ்சுண்டன் ஓடையில் இறங்குவது அதுவே முதல்முறை. மடுவை விட்டு விலகிப் போனார். முழங்காலளவு தண்ணீரில் ஓரிடத்தில் கூழாங்கற்கள் பாசியில்லாமல் வெளுத்துக் கிடந்தன. சுற்றிலும் ஒரு மீன்கூட இல்லை. அங்கே போய் நின்றார்.

குரு நிமிர்ந்தார். முகம் மாறியது.

“அசையாதீங்க!”

சேலை நனைய ஓரமாக இறங்கி வந்து, நஞ்சுண்டனின் பாதத்துக்கு அருகே ஒரு கல்லை மெல்ல நகர்த்தினார். அடியில் நகக்கண் அளவு குஞ்சுகள் துடித்தன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு முட்டைக்கருப் பை.

“தாய்மீன் வாலால அடிச்சுச் சுத்தம் பண்ணி முட்டையிட்ட இடம். அதான் வெளுப்பா இருக்கு. சொல்லாம விட்டது என் தப்பு.”

கல்லை இருந்தபடியே வைத்தார்.

“இங்க மீனே இல்லைன்னு நெனச்சேனே.”

“மேல இல்ல.”

நஞ்சுண்டன் காலைத் தூக்கப்போய் நிறுத்தினார். “இப்ப எந்தப் பக்கம் நகர்றது?”

“வந்த தடத்துலயே. மிதிச்ச இடத்துலயே மிதிச்சு.”

ஏழெட்டு அடிதான். ஒவ்வொரு தடத்தையும் குனிந்து தேடித் தேடி வைத்தார். கரையேறியபோது அவர் கால்கள் மரத்திருந்தன. குரு தன் கம்பளியை அவர் கால்களின்மேல் போட்டார்.

“நசுங்கியிருக்குமா?”

“சிலது.”

“நான் ஒண்ணும் பண்ணலையே அம்மா. சும்மாதானே நின்னேன்.”

கீழ்மடுவிலிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் வந்து நின்றது. வெயில் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை.

நஞ்சுண்டன் கம்பளியை மடித்துக் கொடுத்தபடி கேட்டார்.

“மக ஊருக்குப் போற பஸ்ல இடம் கிடைக்குமா?”

“இன்னிக்கு மேல வர்ற பஸ்லதான் கூட்டம்” என்றார் குரு. “கீழ போறது காலியாத்தான் போகும்.”