கோமதிநாயகத்தைக் காயவைத்த கதை

ஒரு ஊர் இருந்ததாம். ஊருக்கு மேலே வெயில் இருந்ததாம். வெயிலுக்குக் கீழே அப்பளம் இருந்ததாம். அப்பளத்துக்குப் பக்கத்தில் காக்காய் விரட்டிக்கொண்டு ஆட்கள் இருந்தார்களாம். அந்த ஊருக்கு வெயிலுகந்தபட்டி என்று பெயர். அங்கே இருந்த ஒரு வீட்டுக்காரர்களின் கதைதான் இது.

அந்த வீட்டுக்குப் பெரியவர் குருவையா. அவருக்கு இருளப்பன், தங்கமாரி என்று இரண்டு மகன்கள். தகப்பன் இல்லாத தம்பி மகன் கோமதிநாயகமும் அங்கேதான் வளர்ந்தான். பெரியப்பா மாவு பிசைவார். அண்ணன்மார் இருவரும் அப்பளம் தேய்த்து முற்றத்தில் காயப்போடுவார்கள். கோமதிநாயகத்துக்கு மாவு இடிக்கிற வேலை.

அப்பள மாவை இரும்பு உலக்கையால் இடிக்க வேண்டும். இடிக்கும்போது வெயில் பட்டால் மாவு காய்ந்து, தேய்க்கிற அப்பளம் ஓரத்தில் வெடித்துவிடும். அதனால் இடிக்கிற அறைக்கு ஜன்னலே வைக்கவில்லை. கோமதிநாயகம் விடியுமுன் உள்ளே போனால் பொழுது அடைந்துதான் வெளியே வருவான். மீசை அரும்பின நாளிலிருந்து அப்படித்தான். சூரியன் என்று ஒன்று இருப்பதாக மற்றவர்கள் பேசிக் கேட்டிருந்தான். அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று நம்பியும் இருந்தான்.

இப்படி இருக்கையில் அவனுக்குக் கல்யாணம் கூடியது. பெண் உச்சிமாகாளி, கீழத்தெரு அப்பளக்காரர் குத்தாலிங்கத்தின் மகள். அந்த ஊர் அப்பளக்காரர்களுக்குள்ளே ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பந்திக்கு வேண்டிய மாவை மாப்பிள்ளையே இடிக்க வேண்டும். பெண் வீட்டார் வந்து பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். அந்த மாவில் மாமனார் ஒரு அப்பளம் தேய்த்து வானத்தைப் பார்க்கப் பிடிப்பார். ஓரம் வெடிக்காமல் இருந்தால் வைகாசியில் கல்யாணம். வெடித்துவிட்டால் அடுத்த வைகாசிதான்.

கோமதிநாயகத்துக்கு அடுத்த வைகாசி வரை பொறுக்க முடியாது. ஆனால் உலக்கையைத் தூக்கினால் தோள் வலித்தது. இறக்கினால் முழங்கால் வலித்தது. சும்மா உட்கார்ந்தால் எல்லாமே வலித்தது. டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"உடம்புல வைட்டமின் டி ரொம்பக் கம்மியா இருக்கு. உங்க ஊர்ல வெயிலே இல்லையா?"

"இருக்கு டாக்டரம்மா. ஆனா எல்லாம் அப்பளத்துக்குப் போயிருது," என்றார் பெரியப்பா.

டாக்டரம்மா மருந்துச் சீட்டை எடுத்து எழுதினார். பிறகு கோமதிநாயகத்திடம் சொன்னார். "தினமும் கொஞ்ச நேரம் உடம்புல வெயில் படட்டும். அந்தச் சத்தை உடம்பே சேர்த்து வச்சுக்கும். முட்டை, மீன், பால் எல்லாம் சாப்பிடுங்க. சாப்பாட்டுத் தட்டுல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு எல்லா நிறமும் இருக்கணும். நாளையிலிருந்து மதியம் சாப்பிட்டதும் இந்த டானிக் ஒரு மூடி குடிங்க."

"அவ்வளவுதானா? காயப்போடுற வேலைதான?" என்று பெரியப்பா சிரித்துக்கொண்டே எழுந்தார். "அதை எங்ககிட்ட விட்டுருங்க."

மறுநாள் காலையில் முற்றத்தில் பாய் விரித்து, வெள்ளை வேட்டியை அதன்மேல் போட்டு, கோமதிநாயகத்தை மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். காற்றில் பறந்துவிடாமல் நாலு மூலைக்கும் கல் வைத்தார்கள். வேட்டிக்குத்தான் வைத்தார்கள் என்று கோமதிநாயகம் நினைத்தான். ஆனால் ஒரு கல் அவன் கைமேல் இருந்தது.

"காக்கா கொத்தினா என்ன செய்ய?" என்றான் இருளப்பன்.

"மனுசனைக் காக்கா கொத்துமா?" என்றான் தங்கமாரி.

"பச்சை மனுசனைக் கொத்தாது. காஞ்ச மனுசனைக் கொத்தாதுன்னு நீ பார்த்திருக்கியா?"

தங்கமாரி பார்த்ததில்லை. ஆகவே இருளப்பன் கம்பை எடுத்துக்கொண்டு தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தான். ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பிப் போட்டார்கள். பெரியப்பா அடிக்கடி வந்து அவன் சுண்டுவிரலை மடக்கிப் பார்த்தார். விரல் மடங்கியது.

"இன்னும் காயலை. காஞ்சிருந்தா ஒடியணும்."

கோமதிநாயகத்துக்கு இதில் ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. ஆனால் அவன் இடிக்கிறவன். காயப்போடுவதைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

மதியம் சாப்பாட்டில் வேறொரு சிக்கல் வந்தது. தட்டில் எல்லா நிறமும் இருக்க வேண்டுமே. வடகத்துக்குச் சேர்க்கிற சாயப்பொடியைக் கரைத்து, தங்கமாரி ஒரு பெரிய தட்டுக்குப் பட்டை பட்டையாக வண்ணம் அடித்துக் காயவைத்திருந்தான். அதில் வெறும் சோற்றை வைத்தார்கள்.

"ஊதா எங்கல?" என்றார் பெரியப்பா.

"ஊதாப் பொடி தீந்துபோச்சுப்பா."

"அப்ப அந்தச் சத்து மட்டும் இவனுக்குக் கிடைக்காது. இருக்கட்டும், நாளைக்கு வாங்கிக்கலாம்."

முட்டையும் மீனும் பாலும் தனியாக வந்ததால் கோமதிநாயகம் குறை ஒன்றும் சொல்லவில்லை. உதடு மட்டும் பச்சையாகிவிட்டது.

சாப்பிட்டதும் டானிக் குடித்தான். குடித்தபின் பெரியப்பா பாட்டிலைத் தூக்கிப் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்தார். வீடு முழுக்க மாவுக் கை. பாட்டிலின் பின்பக்கத்தில் மாவு அப்பிக் காய்ந்திருந்தது. ஆகவே முன்பக்கத்தை மட்டும் வாசித்தார்.

"'வெயில் படாத இடத்தில் வைக்கவும்.'"

"டானிக் எங்க இருக்கு?" என்றான் தங்கமாரி.

"கோமதி வயித்துல."

"கோமதி எங்க இருக்கான்?"

"வெயில்ல."

இருளப்பன் காக்காய் விரட்டுவதைக்கூட நிறுத்திவிட்டான்.

"நிழலுக்குத் தூக்கிருவோம்," என்றான் தங்கமாரி.

"டாக்டரம்மா வெயில்ல போடச் சொல்லுதாங்க. பாட்டில் நிழல்ல வைக்கச் சொல்லுது. டாக்டரம்மா பேச்சைக் கேக்கவா, பாட்டில் பேச்சைக் கேக்கவா?" என்றான் இருளப்பன்.

"டாக்டரம்மா படிச்சவங்க."

"பாட்டிலும் அச்சடிச்சதுதான."

பெரியப்பா கண்ணை மூடி யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் கோமதிநாயகத்தை இரண்டு தடவை திருப்பிப் போட்டுவிட்டார்கள். கடைசியில் கண்ணைத் திறந்தார்.

"டானிக் உடம்பு பூராவுமா இருக்கு? வயித்துல மட்டும்தான இருக்கு? அப்ப வயித்துக்கு மட்டும் நிழல் போதும்."

கறுப்புக் குடையை விரித்து வயிற்றுக்கு மேலே கட்டினார்கள். கையும் காலும் தலையும் வெயிலில். வயிறு நிழலில். மூன்று பேரும் தள்ளி நின்று பார்த்தார்கள். பெரியப்பா மகன்கள் பக்கம் திரும்பினார்.

"உங்க சித்தப்பா இருந்து இதைப் பார்க்கணும்ல."

பாட்டில் அத்தோடு விடவில்லை. "'மூடியை இறுக்கி மூடவும்,'" என்று பெரியப்பா வாசித்தார்.

"டானிக் எந்த வழியா உள்ள போச்சு?"

"வாய் வழியா."

கோமதிநாயகத்தின் தாடையைத் துண்டால் தூக்கி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார்கள். சாப்பாட்டுக்கு மட்டும் அவிழ்ப்பது என்று முடிவாயிற்று.

அன்று வெயில் தாழ்ந்ததும் அடுத்த கவலை வந்தது. காய்ந்த அப்பளத்தைத் திறந்து போட்டால் நமத்துப்போகும். இத்தனை பாடுபட்டு ஏற்றின வெயில் இறங்கிவிட்டால்? கோமதிநாயகத்தை நெல் பத்தாயத்துக்குள் இறக்கி, மேல்பலகையைப் போட்டார்கள். நெல் வாருவதற்கு அடியில் ஒரு சின்னக் கதவு உண்டு. அவன் மூக்கை அங்கே வைத்துக்கொண்டான்.

காலையில் திறந்தால் வேர்த்து விறுவிறுத்து, சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தான்.

பெரியப்பா தொட்டுப் பார்த்தார். "நமத்துட்டான்ல. மறுபடி போடு."

பத்தாயத்தை அத்தோடு விட்டார்கள். அன்றைக்குப் பாட்டிலின் முன்பக்கத்துக் கடைசி வரிக்கு வந்தார்கள். "'குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.'"

முற்றம் என்றால் தெருக் குழந்தைகள் வரத்தான் செய்யும். ஏற்கெனவே இரண்டு பேர் வந்து, இந்த மாமா என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் கோமதிநாயகத்தை, குடையோடும் துண்டோடும், மொட்டைமாடியில் ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துவிட்டார்கள். ஏணி இருந்தால் குழந்தைகள் ஏறிவிடுமே. சாப்பாடு கயிற்றில் கட்டின வாளியில் போனது. டானிக்கும் வாளியில்தான் போய் வந்தது.

கோமதிநாயகம் மேலே கிடந்து ஊரைப் பார்த்தான். ஊரார் இடித்த மாவெல்லாம் வட்ட வட்டமாகக் கூரைதோறும் காய்ந்துகொண்டிருந்தது. இத்தனை வெளிச்சத்தையும் அவன் இல்லாமலே செலவழித்திருக்கிறார்கள். முட்டையும் பாலும் சேரச் சேர, காலை வெயில் படப்பட, வலி மெல்ல விட்டது. முழங்காலை மடக்கிப் பார்த்தான். சுகமாக மடங்கியது. இது நல்லதா, இன்னும் காயவில்லை என்று அர்த்தமா என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

மாவு இடிக்கும் நாள் வந்தது. குத்தாலிங்கம் பெண்சாதியோடும் மகளோடும் வந்து இறங்கினார்.

"மாப்பிள்ளை எங்க அண்ணாச்சி?"

"மேல வச்சிருக்கோம். குழந்தைங்க கைக்கு எட்டக் கூடாதுல்லா."

குத்தாலிங்கம் அண்ணாந்து பார்த்தார். "நல்ல ஏற்பாடுதான். எங்க தெருவுலயும் குழந்தைங்க தொல்லை தாங்க முடியல."

மாப்பிள்ளை கீழே வரக் கூடாது. ஆகவே இடிகல்லும் உலக்கையும் மாவும் மேலே போயின. கடைசியாக மனிதர்கள் போனார்கள். இடிக்க எழுந்து நின்றால் குடை நழுவியது. யாராவது அவன் வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொள்ள வேண்டும்.

"நான் பிடிக்கேன்," என்றாள் உச்சிமாகாளி.

பெண் பார்க்கப் போனதுகூட பொழுது அடைந்த பிறகுதான். கோமதிநாயகம் இன்றுதான் அவளை வெயிலில் பார்த்தான். அவள் மூக்குத்தி மின்னியது. தாடையைத் துண்டால் கட்டியிருந்ததால் சிரிப்பு வெளியே வர வழியில்லாமல் கண்ணுக்குப் போயிற்று.

"உதடு ஏன் பச்சையா இருக்கு?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

அவன் துண்டைத் தொட்டுக் காட்டிவிட்டு உலக்கையைத் தூக்கினான்.

அப்படி ஒரு இடியை அந்தத் தெரு கேட்டதில்லை. தோள் வலிக்கவில்லை, முழங்கால் வலிக்கவில்லை. கீழே முற்றத்தில் காய்ந்த அப்பளமெல்லாம் துள்ளின. பெரியப்பா இரண்டு மகன்களையும் மாறி மாறித் தட்டிக்கொடுத்தார். உச்சிமாகாளி குடையை ஒரு விரற்கடைகூட அசைக்கவில்லை.

ஒன்றைத்தான் யாரும் யோசிக்கவில்லை. வயிற்றுக்கு நிழல் இருந்தது. மாவுக்கு இல்லை.

குத்தாலிங்கம் ஒரு உருண்டை எடுத்து அப்பளம் தேய்த்தார். வானத்தைப் பார்க்கப் பிடித்தார். ஓரமெல்லாம் வெடித்து, நடுவிலும் ஒரு கீறல் ஓடியிருந்தது. அதன் வழியே வானம் தெரிந்தது.

"பலம் இருக்கு, இல்லைங்கல," என்றார் வருத்தத்தோடு. "வழக்கம்னு ஒண்ணு இருக்கே. அடுத்த வைகாசி பார்ப்போம் அண்ணாச்சி."

கோமதிநாயகம் உலக்கையைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டான். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. இருளப்பன் அதை உடனே துடைத்தான். ஈரம் பட்டால் நமத்துப்போகும்.

உச்சிமாகாளி ஒரு கையில் குடையைப் பிடித்தபடி மறுகையால் வாளியில் கிடந்த டானிக் பாட்டிலை எடுத்தாள். நகத்தால் பின்பக்கத்து மாவைச் சுரண்டினாள்.

"அப்பா, இதுல ஒரு தேதி போட்டிருக்கு. டிசம்பர் மாசத்துக்கு மேல பயன்படுத்தக் கூடாதாம்."

குத்தாலிங்கம் வாங்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அண்ணாச்சி, இந்த டானிக் எவ்வளவு உள்ள போயிருக்கு?"

"பாதிப் பாட்டில்."

"அப்ப மாப்பிள்ளைக்கும் டிசம்பர்தான தேதி? அடுத்த வைகாசி வரை வச்சிருந்தா கெட்டுல்லா போவாரு? தெரிஞ்சே ஒரு பொண்ணைக் கொண்டுபோய்த் தேதி முடிஞ்ச இடத்துல குடுக்க முடியுமா?"

"அது பாவம்," என்றார் பெரியப்பா.

"இந்த வைகாசிலேயே முடிச்சிருவோம். முதல் முகூர்த்தம்."

கோமதிநாயகம் எழுந்துவிட்டான்.

"இன்னொரு வரியும் இருக்குப்பா," என்றாள் உச்சிமாகாளி. "'பயன்படுத்தும் முன் நன்றாகக் குலுக்கவும்.'"

இது பெரிய விஷயமாயிற்று. தாலிக்கு முன்னால் குலுக்குவதா, பந்திக்கு முன்னால் குலுக்குவதா? தாய்மாமன் குலுக்க வேண்டும் என்றார் பெரியப்பா. மாமனார் முறை என்றார் குத்தாலிங்கம். ஆளுக்கு ஒரு தோளைப் பிடித்துக் குலுக்கலாம் என்றான் தங்கமாரி. தலைகீழாகப் பிடித்தால்தான் அடியில் தங்கினது கலங்கும் என்றான் இருளப்பன். கோமதிநாயகம் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான்.

"அதை நான் வந்து பார்த்துக்கிடுதேன்," என்றாள் உச்சிமாகாளி. குடையைக் கோமதிநாயகத்தின் கையில் கொடுத்து, வயிற்றுக்கு நேராகப் பிடிக்கவைத்துவிட்டு ஏணியில் இறங்கினாள்.

எல்லோரும் இறங்கினார்கள். பெண் வீட்டார் தெருமுனை திரும்பினார்கள். இருளப்பனும் தங்கமாரியும் துள்ளி விழுந்த அப்பளங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். பெரியப்பா மட்டும் ஏணியைச் சாய்த்துத் தோளில் வைத்தார்.

கோமதிநாயகம் துண்டை அவிழ்த்தான். அவனாக மூடியைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"பெரியப்பா, கல்யாணத்துக்கு நான் எப்படி இறங்க?"

நியாயமான கேள்விதான். பெரியப்பா ஏணியைத் தோளில் வைத்தபடியே மடியிலிருந்து பாட்டிலை எடுத்தார். முன்பக்கத்தை வாசித்தார். பின்பக்கத்தை வாசித்தார். மூடியைத் திருப்பி அதன் உள்பக்கத்தையும் பார்த்தார்.

"இறங்குறதைப் பத்தி இதுல ஒண்ணும் போடலையேல," என்று சொல்லிவிட்டு, ஏணியோடு நடந்து போனார்.