நாற்காலியில் இருந்தவர்

குலசேகரன் மாஸ்டரிடம் ஸ்நூக்கர் கற்க வந்தவர்களில் ஜெயிக்கும் ஆசை இல்லாமல் வந்தவன் எபனேசர் ஒருவன்தான். போத்தனூரில் ரயில் ஓட்டுபவன். வயது நாற்பத்துமூன்று.

அவனுடைய அப்பா தேவவரம் ஒரு காலத்தில் அந்தப் பக்கத்தில் பேர்போன ஆட்டக்காரர். எபனேசர் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அவர் ஆடிய கடைசிப் போட்டியில் அவரைத் தோற்கடித்தவர் குலசேகரன்.

"எங்கப்பா எப்படி ஆடுவாருங்க மாஸ்டர்?" என்று முதல் நாளே கேட்டான்.

மாஸ்டர் மேஜையில் பந்துகளை அடுக்கினார்.

அவன் விடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தான். ஒருநாள் அவர், "சொன்னாப் புரியாது. பாக்கணும்" என்றார்.

அந்தக் கடைசிப் போட்டியை யாரோ படம் பிடித்தார்கள் என்று அம்மா சொன்னது அவனுக்கு நினைவிருந்தது. தேட ஆரம்பித்தான்.

ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு எழுதினான். பழைய டேப்புகளின் மேல் வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்துவிட்டோம் என்று பதில் வந்தது. பழைய ஆட்டக்காரர்களின் வீடுகளுக்குப் போனான். ஒரு வீட்டில் டப்பாவைத் திறந்ததும் புளித்த நெடி அடித்தது. உள்ளே படச்சுருள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தது. இன்னொரு வீட்டில், சேலத்துக்காரர் ஒருவர் ஆடும் இருபது விநாடிப் படம் கிடைத்தது. அதை அவருடைய மகளுக்கு அனுப்பினான். அவள் போனில் அழுதாள். அப்பாவின் படம் எங்கும் இல்லை.

"செத்தவரைத் தேடறீங்க. வீட்ல இருக்கறவங்க கண்ணுக்குத் தெரியல" என்றாள் மனைவி. அப்போதும் அவன் லீவு நாளெல்லாம் கிளம்பிப் போனான்.

ஆறு வருடம் கழித்து, பாலக்காட்டில் ஒரு கேமராமேனின் வீட்டுப் பரணில் அந்தச் சுருள் கிடைத்தது. ஒன்பது நிமிடம். பிரதி எடுத்தும் அவன் பார்க்கவில்லை. தனியாகப் பார்க்கப் பயமாக இருந்தது. மழை பெய்த ஒரு மத்தியானம் மடிக்கணினியோடு மாஸ்டரிடம் வந்தான்.

ஒலி இல்லாத படம். ஒரு நாற்காலி. அதில் தேவவரம், பந்தடிக்கும் ஸ்டிக்கை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எபனேசருக்கு அதே காது, அதே நெற்றி. படத்தின் ஓரத்தில் மேஜையின் பச்சை விளிம்பு. அவ்வப்போது ஓர் ஆளின் முதுகு குறுக்கே போனது. இளவயதுக் குலசேகரனின் முதுகு.

"இப்பக் கேமராவத் திருப்புவான், பாருங்க" என்றான் எபனேசர்.

கேமரா திரும்பவில்லை. ஆட்டம் முழுக்கக் குலசேகரனின் கையில் இருந்தது; ஒருவர் பந்தைத் தவறவிடும்வரை மற்றவர் உட்கார்ந்துதான் இருக்க வேண்டும். தோற்றுக்கொண்டிருப்பவரின் முகத்தையே கேமரா பிடித்துக்கொண்டிருந்தது. குலசேகரனின் சில அடிகளின்போது தேவவரம் ஸ்டிக்கின் அடிமுனையால் தரையை மெல்ல இரண்டு தட்டு தட்டினார். எதிராளியின் நல்ல அடிக்குச் செய்யும் மரியாதை அது.

கடைசியில் எழுந்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். படத்துக்கு வெளியே இருந்த யாரையோ நோக்கிக் கையை நீட்டினார். நீட்டியபடியே நின்றார். திரை வெளுத்தது.

எபனேசர் முகத்தை மூடிக்கொண்டான்.

"ஒரு அடிகூட இல்லீங்க மாஸ்டர். ஆறு வருசம். அவரு ஆடறது ஒரு அடிகூட இல்ல."

"இன்னொரு தடவ போடு."

போட்டான். மாஸ்டர் இமைக்காமல் பார்த்தார். தரையில் தட்டியபோதெல்லாம் அவர் உதடு அசைந்தது. மறுபடி திரை வெளுத்தது.

"கையை யாருக்கு நீட்டறாருங்க?"

"எனக்கு."

எபனேசர் மடிக்கணினியிலிருந்து அவர் பக்கம் திரும்பினான். பிறகு கேட்டான்:

"நீங்க கை குடுத்தீங்களா?"

மாஸ்டர் வெள்ளைத் திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஜெயிச்சதும் எங்க ஆளுங்ககிட்ட ஓடிட்டேன் எபனேசரு. அவரு எந்திரிச்சு நின்னதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."