மேட்டில் நின்ற மாங்கன்று

கேளுங்கள், பெரியோரே, பிள்ளைகளே. கடலின் கரை வேறெங்கோ இருந்த காலத்தில் வேலமாறன் என்றோர் அரசன் இருந்தான். கடல் பொங்கி அவன் ஊரை விழுங்கியது. பிழைத்த மக்களோடு நடந்து நடந்து, ஆளில்லாத ஒரு களிமண் நிலத்தில் குடியேறினான்.

அந்த மண் வெயிலில் பாறையாக இறுகி வெடிக்கும், மழையில் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. நெல் விளைந்தது. பழமரம் ஒன்றுகூட நிற்கவில்லை. தோப்புகளில் வாழ்ந்து பழகிய மக்கள், "மரம் நிற்காத மண்ணில் நாங்கள் எப்படி நிற்பது? வேறு நாடு போகிறோம்" என்றார்கள். மூன்று மழைக்காலம் பொறுக்கும்படி அரசன் கேட்டுக்கொண்டான்.

முதல் ஆண்டு ஆழக் குழி தோண்டி மாங்கன்று நட்டான். மழை வந்தது. குழியில் நீர் தேங்கியது. வேர் அழுகியது.

இரண்டாம் ஆண்டு இன்னும் ஆழத் தோண்டி, ஆற்று மணல் நிரப்பி நட்டான். மழை வந்தது. சுற்றியிருந்த களிமண் நீரை வெளியே விடவில்லை. வேர் அழுகியது.

மூன்றாம் ஆண்டு, முதல் மழை பெய்தபோது, "இதைவிட ஆழமாகத் தோண்டுவோம்" என்றான்.

அரசி நங்கைமொழி சொன்னாள்: "கன்றுகள் தண்ணீரில்தானே செத்தன? கீழே போனால் இன்னும் தண்ணீர்தான்."

"அரசன் தோற்றான் என்று ஊர் பேசட்டும் என்கிறாயா?"

"மரம் நிற்கட்டும் என்கிறேன்."

அரசன் கோபத்தோடு வெளியேறி, தேங்கிய நீரில் நெடுந்தூரம் நடந்தான். நடுவே ஒரு கரையான் புற்று. அதன் உச்சியில் ஒரு மாமரம். வௌவால் போட்ட கொட்டையாக இருக்கலாம். நட்டவர் இல்லை, காத்தவர் இல்லை. சுற்றிலும் வெள்ளம், மரமோ செந்தளிர் விட்டு நின்றது. அரசனின் கைகள் அவனை அறியாமல் குவிந்தன.

திரும்பி வந்து, "நீ சொன்னதே சரி. குழி வேண்டாம்" என்றான்.

மண்ணை மேடாகக் குவித்தார்கள். இலைச்சருகும் சாணமும் கலந்தார்கள். நீர் வடிய இடையிடையே வாய்க்கால் வெட்டினார்கள். அரசனும் கூடை சுமந்தான். மேடுகளின்மேல் மாவும் பலாவும் மாதுளையும் நட்டார்கள்.

மழை வந்தது. விடாமல் கொட்டியது. ஓய்ந்த காலையில் மக்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அடிவானம் வரை நீர். அதன்மேல், கடலில் தீவுகள்போல, மேடுகள். மேடுதோறும் வாடாத ஒரு கன்று.

தண்ணீரிடம் ஊரைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். அவர்களில் தச்சன் ஒருவன் அரசனிடம், "இனி இங்கேயே வீடு கட்டுகிறேன்" என்றான்.

தன் பிடிவாதத்தை விட்டு மண்ணின் இயல்பை மதித்து நடப்பவனுக்கே மண் பலன் தரும்.