சற்குணம் மாஸ்டர் கேட்ட சீட்

பயாலஜி மாஸ்டர் சற்குணம் என்றால் ஊருக்கே தெரியும். நீட் கோச்சிங் சென்டர் வாசலில் தொங்குகிற ஃப்ளெக்ஸில் கைகட்டிக்கொண்டு சிரிக்கிறாரே, அவர்தான். ஊரார் பிள்ளைகளை எல்லாம் டாக்டராக்கிய மனுஷனுக்குச் சொந்த மகள் விஷயத்தில் மட்டும் ராசி கைகொடுக்கவில்லை. மகள் நிறைமதிக்கு மூன்றாவது தடவையும் மார்க் எட்டவில்லை.

அன்றைக்கு அரசு கலை அறிவியல் கல்லூரியில் கலந்தாய்வின் கடைசி நாள். கீழே ஹாலில் கால் வைக்க இடமில்லை. சற்குணம் டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடியேறி விலங்கியல் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே பேராசிரியை ரஞ்சிதம் செய்முறை வகுப்புக்கு ஸ்லைடுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் இதே மேஜையில் சற்குணத்துக்குப் பாடம் சொன்னவர். தலை நரைத்த பிறகும் சற்குணத்துக்கு அவரிடம் கொஞ்சம் பயம்தான்.

"மேடம், நீங்கதான் ஒரு வழி சொல்லணும். பொண்ணை எதில சேர்க்கிறது?"

"என்னென்ன இருக்குன்னு பார்த்தியா?"

"பார்க்காம இருப்பேனா? பாட்டனிக்கு மதிப்பில்ல. சுவாலஜிக்கு... தப்பா எடுத்துக்காதீங்க, வேலையில்ல. மைக்ரோபயாலஜி படிச்சா கடைசி வரைக்கும் லேப்ல சளி டெஸ்ட்தான். பயோகெமிஸ்ட்ரில பாதிப் பேர் அரியரோட சுத்துறான். பயோடெக்னு சொன்னா சொந்தக்காரங்க முன்னாடி கொஞ்சம் மரியாதையா இருக்கும்."

ரஞ்சிதம் மைக்ரோஸ்கோப்பை அவர் பக்கம் தள்ளினார்.

"இது என்னன்னு பார்த்துச் சொல்லு."

சற்குணத்துக்கு இதெல்லாம் ஜுஜுபி. ஸ்லைடின் ஓரத்தில் 'பாரமீசியம்' என்று சீட்டு வேறு ஒட்டியிருந்தது. குனிந்து ஒரு கண்ணை வைத்தார். வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. அது போதாதா? வாய் தானாக ஓட ஆரம்பித்தது.

"பாரமீசியம் மேடம். செருப்பு மாதிரி உடம்பு. சுத்திலும் சிலியா. பெரிய நியூக்ளியஸ் ஒண்ணு, பக்கத்திலேயே சின்னது ஒண்ணு. வருஷா வருஷம் இதில கேள்வி வருது."

"நல்லாத் தெரியுதா?"

"பளிச்சுன்னு தெரியுது."

ரஞ்சிதம் ஸ்லைடை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தார். வெறும் கண்ணாடி.

"சீட்டு மட்டும்தான் ஒட்டினேன். இன்னும் தண்ணியே விடல."

சற்குணத்துக்கு முகம் செத்துப்போயிற்று. இத்தனை வயசுக்கு மேல் இப்படி ஒரு அசிங்கமா என்று இருந்தது.

"நிறைமதிக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார் ரஞ்சிதம்.

"பயாலஜிதான் மேடம். சின்ன வயசிலேர்ந்தே டாக்டராகணும்னு ஒரே பிடிவாதம். எப்பப் பார்த்தாலும் புஸ்தகமும் கையுமா..."

பாதியில் நின்றுவிட்டார். கையிலிருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியல மேடம்." கண்ணாடியை மேஜையில் வைத்தார். "பெத்த பொண்ணு. அவளுக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியல. இன்னிக்குச் சொல்லலேன்னா இந்த சீட்டும் போயிடும், அவ வாழ்க்கையே போயிடும். நீங்களே ஏதாவது ஒண்ணைச் சொல்லிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அவளைக் கூட்டிட்டு வரலையா?"

"ஆபீஸ்ல பேசி வெச்சிருக்கேன் மேடம். நான் போய் நின்னாப் போதும்."

"அவகிட்ட கேட்டியா?"

"கேட்காம வருவேனா? காலையில அவ ரூம் வாசல்ல நின்னு எல்லாக் கோர்ஸையும் வாசிச்சேன். ஒரு சத்தமும் இல்ல. வேண்டாம்னா கத்தியிருப்பாளே? சம்மதம்தான்."

"கதவைத் திறந்தாளா?"

"ரிசல்ட் வந்ததிலேர்ந்து திறக்கிறதில்ல மேடம். சாப்பாட்டுத் தட்டை வெளியில வெச்சா, யாரும் இல்லாத நேரமாப் பார்த்து எடுத்துக்குவா. இன்னிக்கு..."

"இன்னிக்கு?"

"நேத்து ராத்திரி வெச்ச தட்டு அப்படியே இருந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை சற்குணத்தின் காதிலேயே விழுந்தது.

ரஞ்சிதம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இப்ப வீட்டில யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. அவ அம்மாவும் வேலைக்குப் போயிட்டா."

கீழே மைக்கில் அவருடைய டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். சற்குணம் சட்டைப் பையைத் தடவினார்.

"மேடம், என்னைத்தான் கூப்பிடறாங்க. என்னன்னு சொல்லட்டும்?"

"காலேஜ் எங்கேயும் போயிடாது சற்குணம். நீ வீட்டுக்கு ஓடு."