பன்னிரண்டாவது மெயில்

சவுண்டு கார்டை எப்படி ஒலிக்க வைப்பது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தரும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அருள்மொழி டிரைவர் எழுதுபவள். விண்டோஸ் போலவே கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸுக்கு எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாகப் போட்டுவிடுவாள். அவளிடம் பாடம் கேட்க வந்த சேவியர் அவளைவிட இருபது வயது மூத்தவர். பார்வையற்றோர் பள்ளியில் கணினி ஆசிரியர்.

பள்ளிக்கு லினக்ஸ் போட்ட இருபது கம்ப்யூட்டர்கள் நன்கொடையாக வந்திருந்தன. இருபதும் வாயைத் திறக்கவில்லை. திரையில் உள்ளதை அவை வாசித்துக் காட்டினால்தான் பிள்ளைகள் தேர்வு எழுத முடியும். இன்னும் பத்தே நாள்.

"கார்டு கம்பெனிக்குப் பதினோரு மெயில் போட்டேன் மேடம். லினக்ஸுக்கு டிரைவர் தர மாட்டாங்களாம். தொழில்நுட்பக் கையேடாவது குடுங்கன்னேன். ரகசியமாம்."

"அப்புறம்?"

"பன்னிரண்டாவது எழுதி வச்சிருக்கேன். கொஞ்சம் கெஞ்சியே எழுதியிருக்கேன். படிச்சுப் பாருங்க."

அருள்மொழி படிக்கவில்லை. சேவியர் பள்ளிக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த கார்டை விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் செருகினாள். கம்பெனியின் சொந்த டிரைவர் அதில் ஓடியது. அது கார்டுக்கு அனுப்பும் எண்கள் பக்கத்துத் திரையில் வரிசையாக விழுந்தன.

"சத்தத்தை ஒரு படி கூட்டுங்க சார். எது மாறிச்சு?"

"மூணாவது எண். நாப்பது நாப்பத்தொண்ணாச்சு."

"குறைங்க."

"திரும்ப நாப்பது!"

"எழுதிக்குங்க."

சேவியருக்குக் கை பரபரத்தது. நேரம் மிச்சமாகட்டும் என்று மைக்கையும் ஸ்பீக்கரையும் ஒன்றாகத் திருகினார். ஐந்து எண்கள் மாறின. எது எதற்கு என்று தெரியவில்லை. அருள்மொழி அவர் குறித்த பக்கத்தையே அடித்துவிட்டாள்.

"ஒரு தடவைக்கு ஒண்ணுதான் சார்."

ஆறு நாள் அப்படியே போனது. அந்த எண்களை வைத்து இருவரும் லினக்ஸுக்கு டிரைவர் எழுதினார்கள். எட்டாம் நாள் பள்ளியில் முதல் கம்ப்யூட்டர் கரகரத்து, பிறகு தெளிவாக வாசிக்கத் தொடங்கியது.

"சார், பேசுது!" என்று கத்தினாள் முன்வரிசையில் இருந்த ஜெனிபா. "ஆனா ரொம்ப வேகம்!"

சேவியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெட்கப்படவில்லை.

"கம்பெனிக்காரங்க கடைசிவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லலையே மேடம். எப்படி முடிஞ்சுது?"

"நம்மகிட்ட அவங்க பேசாம இருக்கலாம் சார்," என்றாள் அருள்மொழி. "கார்டுகிட்ட பேசித்தானே ஆகணும்."